நஞ்சு காட்டிக்கொடுத்த நூல்கள்

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதே கொடியை மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்பார்கள். விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். விதையிலும் கிழங்கிலும் இருப்பது கொல்சிசின். அளவோடு கொடுத்தால் கவுட் மூட்டுவலிக்கு மருந்து, அளவு தப்பினால் ஆளையே கொல்லும். ஐரோப்பாவின் கொல்சிகம் செடியிலும் இதே நஞ்சு உண்டு. செடி எப்படி நெட்டையாக வளர்கிறது என்று தேடிய கதையில் இந்த நஞ்சுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரு வரி என்ன வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், அதை கமென்ட் செய்துவிட்டு எது உடைகிறது என்று பார்ப்போம், இல்லையா? 1962இல் பால் கிரீன் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். நைட்டெல்லா என்ற நன்னீர்ப் பாசியின் செல் நீண்ட குழாய் மாதிரி இருக்கும். பீப்பாய்க்கு வளையம் மாட்டியதுபோல் அதன் சுவரைச் சுற்றிச் செல்லுலோஸ் இழைகள். அதனால் செல் பருக்காது, நீளும். கொல்சிசின் கொடுத்ததும் புதிய இழைகள் தாறுமாறாகப் படிந்தன, செல் உருண்டையாக உப்பியது. அப்படியென்றால் உள்ளே ஏதோ புரத நூல்கள் இழைகளுக்கு வழிகாட்டுகின்றன என்று கிரீன் ஊகித்தார்.

அடுத்த வருஷமே, 1963இல், லெட்பெட்டரும் போர்ட்டரும் ஹார்வர்டில் அவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். செல் சவ்வுக்கு அடியில், சுவர் இழைகளுக்கு இணையாக, சுமார் 25 நானோமீட்டர் தடிமனில் நுண்குழல்கள். 1967இல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்சிசினைத் தூண்டிலாகப் போட்டார்கள். மாட்டிய புரதம்தான் நுண்குழலின் செங்கல். பின்னாளில் டியூபுலின் என்று பெயர் பெற்றது.

செங்கல் கிடைத்தது சரி, கொத்தனார் யார்? விலங்குச் செல்லில் நுண்குழல்களை ஒழுங்குபடுத்த சென்ட்ரோசோம் என்ற மையம் இருக்கிறது. நெல் மாதிரியான செடிகளுக்கு அது கிடையாது. குழல்களோடு ஒட்டி வேலை செய்யும் புரதங்கள்தான் அங்கே ஒழுங்கைக் கொண்டுவருகின்றன. மேப்-65 பக்கத்துக் குழல்களைப் பாலம் போட்டுக் கட்டும். ஜப்பானிய வாளான கட்டானாவின் பெயர் வாங்கிய கட்டானின், குழல்களை வெட்டும்.

வெட்டுவது கெடுதல் என்றுதானே தோன்றும்? கட்டானின் மரபணு பழுதான ஒரு நெல் வகையைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். செடி குட்டை, இலையும் குறுகிப்போய்க் கிடந்தது. வெட்ட ஆளில்லாததால் குழல்கள் ஒழுங்காக வரிசைகட்டவில்லை.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரித் தண்ணீரில் நிமிரும் ஒவ்வொரு நாற்றுக்குள்ளும் இந்தக் கட்டலும் வெட்டலும் ஓயாமல் நடக்கின்றன. கொல்சிசினும் நுண்குழலைக் குலைக்கிறது, கட்டானினும் குலைக்கிறது. ஒன்று இடம் பார்ப்பதில்லை, இன்னொன்று இடம் பார்த்து வெட்டுகிறது. நஞ்சுக்கும் வளர்ச்சிக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான்.