தன்னூரிலிருந்து தந்தூரி வரை

விடுமுறை நாள்களில் நம் இல்லங்களில் தந்தூரிக் கோழி சமைக்கும் வழக்கம் பெருகியுள்ளது. அதை "முகலாயர் உணவு, நம்மவர் உணவு" என்று பெருமையுடன் பரிமாறுவோரும் உளர். அந்தப் பெருமைக்கு வரலாற்றில் இடமுண்டா என்று நாம் பார்க்க வேண்டியுள்ளது.

தந்தூர் என்பது மண்ணால் வனைந்த உருளை அடுப்பு. அரபியில் அதன் பெயர் தன்னூர். அதற்கும் முற்பட்ட அக்காடிய மொழியில் தினூரு. நூஹ் (அலை) காலத்து வெள்ளத்தைக் கூறும் ஹூத் அத்தியாயத்தின் 40ஆம் வசனத்தில் இச்சொல் வருகிறது. தமிழாக்கங்களில் 'அடுப்பு' என்று நாம் வாசித்துக் கடப்பது இதைத்தான். (அங்கே அது பூமியின் மேற்பரப்பைக் குறிக்கும் என்ற விளக்கமும் உண்டு, அது தஃப்ஸீர் வகுப்புக்குரிய பேச்சு.) அகழ்ப்போரின்போது ஜாபிர் (ரலி) அவர்கள் அளித்த விருந்து பற்றிய புகாரீ அறிவிப்பிலும் தன்னூர் உண்டு. தாம் வரும்வரை அதிலிருந்து ரொட்டியை எடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அவ்வீட்டில் இருந்தவை சிறிது வாற்கோதுமையும் ஓர் ஆட்டுக்குட்டியுமே. ஆக, தன்னூர் அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. எளிய வீட்டின் அடுப்பு.

பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் ஜூதாபா என்றோர் உணவு உள்ளது. தன்னூருக்குள் இறைச்சியைத் தொங்கவிட்டு, அதன் கொழுப்பு கீழேயுள்ள ரொட்டி இனிப்பின்மீது சொட்டும்படி வாட்டுவார்கள். பஞ்சாப் கிராமங்களிலோ தந்தூர் பொது அடுப்பு. பெண்கள் பிசைந்த மாவுடன் வந்து ரொட்டி சுட்டுச் செல்வர்.

நாம் இன்று அறிந்த தந்தூரிக் கோழி மிக அண்மைக் காலத்தது. பேஷாவரில் மோகா சிங் நடத்திய மோத்தி மஹால் உணவகத்தில் அது பெயர் பெற்றது. 1947இல் நாடு பிளவுண்டபோது, அங்குப் பணியாற்றிய குந்தன் லால் குஜ்ராலும் குந்தன் லால் ஜக்கியும் அகதிகளாகத் தில்லி வந்து, தரியாகஞ்சில் அதே பெயரில் கடை திறந்தனர். ஜாமிஆ மஸ்ஜிதிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரம் அது. அதே மாதங்களில் தில்லி முஸ்லிம்கள் பலர் வீடுகளை விட்டு எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தனர். நாம் முகலாயருடையது எனச் சொந்தம் கொண்டாடும் உணவை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், ஊரிழந்த இந்துக்கள். இதை நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். (வெண்ணெய்க் கோழியைக் கண்டுபிடித்தவர் யார் என்று இருவரின் வழித்தோன்றல்களும் 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது வேறு கதை.)

அதன் செந்நிறமும் பழையதன்று. மிளகாயே போர்த்துக்கீசியர் வழியாக வந்ததுதான். இன்று கடைகளில் சேர்க்கும் சாயம் வீட்டுக்குத் தேவையில்லை. காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும்.

தந்தூரின் வெப்பம் 400 பாகையைத் தாண்டும். வீட்டு அவனில் 250தான் கிட்டும். ஆகவே கோழியை ஆழக் கீறி, முதலில் உப்பும் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவி, அரை மணி கழித்து, நீர் வடித்த கெட்டித் தயிரில் இஞ்சி, பூண்டு, கரம் மசாலா கலந்து பூசி ஓர் இரவு வைக்க வேண்டும். நீர்த்த தயிரானால் கோழி வாடாது, வெந்துவிடும். கம்பித் தட்டின்மேல் வைத்து வாட்டுகையில், அடியிலுள்ள தட்டில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பிப் பாருங்கள். பக்தாத் சமையற்காரர்கள் செய்ததுபோல் சாறு அதில் இறங்கும். பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.