காசநோய் சிகிச்சைக்கால ஊட்டச்சத்து உதவித்தொகை: நிபந்தனைகள்

காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் சத்தான உணவு உட்கொள்வதற்காக, ‘நிக்ஷய் போஷன் யோஜனா’ திட்டத்தின் கீழ் 2018 ஏப்ரல் முதல் மாதம் ரூ.500 வழங்கப்பட்டது. 2024 நவம்பர் 1 முதல் இத்தொகை ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

யார் பெறலாம்?
நிக்ஷய் தளத்தில் பதிவு செய்யப்பட்ட நோயாளிகள் அனைவரும் பெறலாம். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரும் தகுதியுடையவர்களே. வருமான வரம்பு இல்லை.

எப்போது கிடைக்கும்?
• முதல் தவணை ரூ.3,000: நோய் கண்டறியப்பட்டுப் பதிவு செய்யப்பட்டதும்.
• இரண்டாம் தவணை ரூ.3,000: 84 நாள் சிகிச்சை நிறைவடைந்ததும்.
• சிகிச்சை ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால், கூடுதல் மாதம் ஒவ்வொன்றுக்கும் ரூ.1,000.

வங்கிக் கணக்கு
தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். உங்களுக்குக் கணக்கு இல்லையெனில், உங்கள் ஒப்புதலுடன் இரத்த உறவினரின் கணக்கை அளிக்கலாம். கணக்கு எண்ணில் பிழை இருந்தாலோ கணக்கு செயல்பாட்டில் இல்லாவிட்டாலோ தொகை வந்து சேராது.

தொகை தாமதமானால்
மருந்தை நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்துகள் இலவசம். உதவித்தொகை வராவிட்டாலும் அவை தொடர்ந்து வழங்கப்படும். இடையில் நிறுத்தினால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகக்கூடும். உங்கள் சிகிச்சை மையப் பணியாளரை அணுகுங்கள். அல்லது 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.