கங்கை நீரிலிருந்து இறால் தொட்டி வரை

மாலை வேளைகளில் மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் வரை நடந்து செல்வது என் நெடுநாள் வழக்கம். அப்பகுதியில் சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1987இல் தோன்றிய நிறுவனம். அங்கு ஆராயப்பட்டுவரும் பொருள்களில் ஒன்றின் முன்கதை 1896ஆம் ஆண்டு ஆக்ராவில் தொடங்குகிறது.

அவ்வாண்டில் எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைந்து மடிவதாகப் பிரெஞ்சு ஆய்விதழில் எழுதினார். நீரைக் கொதிக்கவைத்தால் அந்த ஆற்றல் போய்விட்டது. அவர் கண்டது பாக்டீரியோஃபேஜ் எனும் வைரஸின் செயல்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 1915இல் ட்வார்ட்டும், 1917இல் டெரெல்லும் அதைத் தனித்தனியே கண்டறிந்தனர். டெரெல் இட்ட பெயருக்குப் பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். நாம் 'நுண்ணுயிர் விழுங்கி' என்கிறோம். உண்மையில் அது எதையும் விழுங்குவதில்லை. தனக்குரிய பாக்டீரியாவின்மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உட்செலுத்தி, அதன் உடலுக்குள்ளேயே பல்கிப் பெருகி, இறுதியில் அதை வெடிக்கச் செய்து வெளியேறுகிறது. பிறவகை உயிரணுக்களை அது தீண்டுவதில்லை.

1927இல் டெரெல் இந்தியா வந்து பஞ்சாபில் காலராவுக்கு இதைச் சோதித்தார். தொடர்ந்து அசாமின் நவ்காங் பகுதி மக்களுக்கு விழுங்கி மருந்து வழங்கப்பட்டது. வழங்கப்படாத ஹபிகஞ்ச் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பின்னர் 1940களில் பெனிசிலின் பரவியது. ஜார்ஜியாவின் திபிலிசி நகரம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, உலகம் விழுங்கியை மறந்தது. நாமும் மறந்தோம்.

அந்த மறதியின் விலையை இறால் பண்ணைகளில் காண்கிறோம். பொரிப்பகத் தொட்டிகளில் விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா தொற்றினால், இறால் குஞ்சுகள் இருளில் மினுங்கும். பார்க்க அழகான அந்த ஒளி சாவின் அறிகுறி. தொட்டி முழுவதும் மடிந்துபோகக்கூடும். பலரும் ஆன்டிபயாடிக்கை நீரில் கொட்டினர். பாக்டீரியாக்கள் அதற்குப் பழகின. 2001-02இல் ஆசிய இறால்களில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் எச்சங்களை ஐரோப்பிய ஒன்றியம் கண்டறிந்தபோது, ஏற்றுமதியை நம்பியிருந்தவர்கள் கலங்கினர்.

காலராக் கிருமியும் ஒரு விப்ரியோதான். கங்கைக் கரையில் தொடங்கிய தேடல், அதே இனத்தின் இன்னோர் உறுப்பை நோக்கித் திரும்பியது. ஜப்பானியர் 2000ஆம் ஆண்டில் ஆயு மீன்களுக்குத் தீவனத்தோடு விழுங்கியை ஊட்டி நோயைக் குறைத்துக் காட்டியிருந்தனர். மங்களூர் மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர் குழுவினர் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், விழுங்கி இட்ட பொரிப்பகத் தொட்டிகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்தன. ஆன்டிபயாடிக் இட்ட தொட்டிகளில் அதைவிடக் குறைவாகவே பிழைத்தன. சாந்தோம் சாலை நிலையமும் இதே வழியில் ஆய்வை மேற்கொண்டது.

எனினும் இதை மாயமருந்தாகக் கொள்வது பேதைமை. பாக்டீரியா விழுங்கியையும் எதிர்க்கப் பழகும்; ஆகவே பலவகை விழுங்கிகளைக் கலந்து தர வேண்டியிருக்கிறது. சில விழுங்கிகள் கொல்லாமல் பாக்டீரியாவுக்குள்ளேயே தங்கி, அதன் கொடுமையைக் கூட்டிவிடுவதும் உண்டு. ஹார்வேயியிலேயே அத்தகைய ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே தேர்ந்தெடுப்பதில்தான் கலையிருக்கிறது.

ஆன்டிபயாடிக் வந்தபோது அளவறியாமல் கொட்டினோம். விழுங்கியையும் அவ்வாறே கொட்டினால், மறந்ததை நினைவுகூர்ந்ததில் பயனில்லை. நடை முடிந்து திரும்புகையில் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கூடையில் இருப்பது கடல் மீன், பண்ணை மீனன்று. ஆயினும் பண்ணைத் தொட்டியில் வலுப்பெறும் கிருமி கழிவுநீர் வழியே இதே கடலைத்தான் வந்தடைகிறது.