பியானோவின் சுத்தியல்

இசையின் வரலாறு என்றவுடன் பாடல் இயற்றியோரின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. மேனாட்டு இசை என்றால் பாஹ், மொசார்ட், பீத்தோவன் என்று கல்லூரி மாணவர் பலரும் சொல்லிவிடுவர். ஆனால், அப்பெருமக்களின் விரலுக்கும் கருவியின் தந்திக்கும் நடுவே நின்று, விரல் நினைத்ததைத் தந்திக்கு எடுத்துரைத்த சிறு மரத்துண்டுகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அம்மரத்துண்டுகளைச் செப்பம் செய்வதற்காகக் கைவினைஞர்கள் 300 ஆண்டுகளாக உழைத்து வந்துள்ளனர். அவ்வுழைப்பின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பியானோ பிறப்பதற்கு முன் ஐரோப்பாவில் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்திக் கருவிகள் இரண்டு பெருவழக்கில் இருந்தன. ஒன்று ஹார்ப்சிகார்டு. அதில் கட்டையை அழுத்தினால், பறவை இறகின் தண்டிலிருந்து செய்த சிறு முள் ஒன்று தந்தியை மீட்டும். ஓசை கணீரென்று எழும். மண்டபம் முழுவதும் கேட்கும். ஆனால், விரல் மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் ஓசையின் அளவு ஏறக்குறைய ஒன்றே. மற்றொன்று கிளாவிகார்டு. அதில் கட்டையின் மறுமுனையிலுள்ள பித்தளைத் தகடு தந்தியைத் தொடும். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஓசை கூடும், குறையும். ஆயினும் அவ்வோசை அடுத்த அறைக்கே எட்டாத அளவுக்கு மெலிது. ஒன்றில் வலிமை உண்டு, உணர்ச்சி வேறுபாடு இல்லை. மற்றொன்றில் உணர்ச்சி உண்டு, வலிமை இல்லை. இரண்டையும் ஒருசேரத் தரும் கருவி வேண்டும் என்பது அக்காலக் கலைஞரின் ஏக்கம்.

அவ்வேக்கத்தைத் தீர்த்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. இவர் 1655-இல் இத்தாலியின் பதுவை நகரில் பிறந்தவர். 1688-இல் ஃபிளாரன்ஸ் நகரின் இளவரசர் பெர்டினாண்டோ டி மெடிசியிடம் இசைக்கருவிகளைச் செய்யவும் பேணவும் பணியில் அமர்ந்தார். 1700-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அரண்மனைக் கருவிப் பட்டியலில், மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் புதுக்கருவி ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்ல. ‘ஃபோர்ட்டே’ என்றால் உரக்க. இவ்விரு சொற்களும் சேர்ந்தே கருவியின் பெயராயின. பிற்காலத்தில் பாதிப் பெயர் மட்டுமே நிலைத்தது.

மீட்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் தட்ட வேண்டும் என்று கிறிஸ்டோஃபோரி முடிவு செய்தார். வேகமாகத் தட்டினால் பேரோசை, மெதுவாகத் தட்டினால் சிற்றோசை. கருத்து எளிது. ஆனால், அதைக் கட்டையால் இயங்கும் பொறியில் கொண்டுவருவது எளிதன்று. ஏன் என்பதை நீங்களே ஆய்ந்து காணலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று எங்களுக்கு ஆசிரியப் பயிற்சியில் கற்பித்தார்கள், அம்முறைப்படியே சொல்கிறேன். பள்ளியில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் அதைத் தட்டி உடனே விலக்கினால் ஓசை நீண்டு ஒலிக்கும். தட்டிய சுத்தியலை அதன்மேலேயே வைத்து அழுத்தினால் ‘டொக்’ என்று ஓசை செத்துவிடும். பியானோவிலும் இதுவே நிலை. விரல் கட்டையை அழுத்தியபடியே இருக்கும். சுத்தியலோ தந்தியைத் தொட்ட கணமே விலகியாக வேண்டும். தட்டுவது எளிது, தட்டியபின் விலகுவதே அரிது. பியானோவின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

ஆகவே, சுத்தியலின் பொறியமைப்புக்கு மூன்று கடமைகள் உண்டு. முதலாவது விடுவித்தல். சுத்தியல் தந்தியை எட்டுவதற்குச் சற்று முன்பே, அதை உந்தும் கோல் விலகிக்கொள்ள வேண்டும். எஞ்சிய தொலைவைச் சுத்தியல், கையை விட்ட பந்து போலத் தன் வேகத்தாலேயே கடக்க வேண்டும். அத்தொலைவு மிகுந்தால் மெல்லிய தட்டு தந்தியை எட்டாது. குறைந்தால் சுத்தியல் தந்தியோடு முட்டிக்கொண்டு நிற்கும். இக்காலப் பெரும் பியானோவில் அத்தொலைவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இரண்டாவது பிடித்தல். தந்தியில் மோதித் திரும்பும் சுத்தியல் மீண்டும் துள்ளி மறுமுறை தட்டிவிடாதபடி அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்றாவது மீளல். அதே சுரத்தை அடுத்த கணமே மறுபடி வாசிக்கும்படி சுத்தியல் ஆயத்தமாக வேண்டும்.

முதல் இரு கடமைகளையும் கிறிஸ்டோஃபோரி ஒருவரே நிறைவேற்றிவிட்டார் என்பது வியப்பிற்குரியது. கட்டை ஓர் உந்துகோலை உயர்த்தும். அது இடைநெம்புகோல் ஒன்றைத் தள்ளும். இடைநெம்புகோல் சுத்தியலைத் தந்தியை நோக்கி விரைவாக எறியும். உரிய இடத்தில் உந்துகோல் நழுவிவிடும். 1726-இல் அவர் செய்த கருவியில், திரும்பி விழும் சுத்தியலைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பானும் உள்ளது. சுத்தியலின் தலையோ காகிதத்தைச் சுருட்டி ஒட்டி, மேலே தோல் வைத்துச் செய்தது. அவர் செய்த பியானோக்களில் மூன்று மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. 1720-இல் செய்தது நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது ரோமிலும், 1726-இல் செய்தது லைப்சிக்கிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இத்தகைய கண்டுபிடிப்பை உலகம் உடனே போற்றியிருக்கும் என்று எண்ணுவோம். நடந்தது வேறு. 1711-இல் மஃபேய் என்னும் அறிஞர் இக்கருவியைப் பற்றி ஒரு கட்டுரையும் படமும் வெளியிட்டார். ஓசை மங்கலாக இருக்கிறது என்று சிலர் குறை கூறியதையும் அவர் அதில் குறித்துள்ளார். கிறிஸ்டோஃபோரி 1731-இல் மறைந்தார். இத்தாலியில் அவர் தொழில் தழைக்கவில்லை. ஆனால், மஃபேயின் கட்டுரை 1725-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இத்தாலியில் விதைத்தது ஜெர்மனியில் முளைத்தது.

அங்கு அதை வளர்த்தவர் கோட்ஃபிரீட் சில்பர்மான் என்னும் புகழ்பெற்ற ஆர்கன் செய்பவர். அவர் செய்த பியானோவை வாசித்துப் பார்த்த செபாஸ்டியன் பாஹ், ஓசையைப் பாராட்டினார். ஆனால், மேல் சுரங்கள் மெலிந்துள்ளன, கட்டைகள் அழுத்தக் கடினமாக உள்ளன என்று ஒளிக்காமல் சொன்னார். சில்பர்மான் மனம் புண்பட்டார். ஆயினும் பல ஆண்டுகள் உழைத்து அக்குறைகளைக் களைந்தார். பின்னர் பாஹ் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார் என்று அவர்தம் மாணவர் அகிரிக்கோலா எழுதி வைத்துள்ளார். 1747-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் போட்ஸ்டாம் அரண்மனைக்குச் சென்ற பாஹ், அங்கிருந்த சில்பர்மானின் பியானோக்களை வாசித்தார். மாணவர்களே, குறை சொன்னவர் பெரியவர். அக்குறையை ஏற்றுத் திருத்தியவரும் பெரியவரே.

வரலாறு எப்போதும் மேல்நோக்கியே செல்வதில்லை. 1760-களில் இலண்டனில் ஜெர்மானியரான சும்பே என்பவர் சிறிய சதுரப் பியானோக்களைச் செய்து விற்றார். அவற்றில் உந்துகோல் நழுவும் அமைப்பு இல்லை. கட்டையில் நட்ட கம்பி ஒன்றின் தோல்முனை சுத்தியலை நேரே தட்டிவிடும், அவ்வளவே. அரை நூற்றாண்டுக்கு முன் கிறிஸ்டோஃபோரி தீர்த்துவைத்த சிக்கல் மறுபடியும் தலைகாட்டியது. எனினும் விலை மலிவு, அளவு சிறிது. ஆதலால் எளிய குடும்பத்தாரின் கூடத்திலும் பியானோ நுழைந்தது. 1768-இல் பாஹின் மகன் கிறிஸ்டியன் பாஹ் இலண்டன் அரங்கில் இத்தகைய கருவியையே வாசித்தார். பொறியளவில் பின்னடைவு, பரவலளவில் முன்னேற்றம். அரண்மனைப் பொருள் பொதுமக்கள் பொருளாவதற்கு இதுபோன்ற விலையைச் சில வேளைகளில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதன்பின் இரண்டு வழிகள் பிரிந்தன. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஸ்டைன் என்பவர் சுத்தியலைக் கட்டையின்மேலேயே பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் நழுவும் அமைப்பைத் தனியே வைத்தார். 1777-இல் மொசார்ட் அக்கருவிகளை வாசித்துவிட்டுத் தம் தந்தைக்கு மடல் எழுதினார். கட்டையை அழுத்தியே வைத்திருந்தாலும் விட்டுவிட்டாலும், சுத்தியல் தந்தியைத் தொட்ட அக்கணமே விழுந்துவிடுகிறது என்று அதில் வியந்துள்ளார். அவ்வமைப்பில் செலுத்தும் உழைப்பினால் ஸ்டைன் 300 கில்டனுக்குக் குறைத்து விற்பதில்லை என்றும் குறிப்பிட்டுள்ளார். இவ்வழியே வியன்னா நகரில் வளர்ந்தது. கட்டை இலேசானது, ஓசை தெளிவானது. மற்றொரு வழி இலண்டனில் தோன்றியது. அமெரிக்கஸ் பேக்கர்ஸ் என்பார் 1772-இல் செய்த பெரும் பியானோ இன்றும் உள்ளது. கிறிஸ்டோஃபோரியின் இடைநெம்புகோலை நீக்கி, உந்துகோல் சுத்தியலையே நேராகத் தள்ளும்படி அவர் அமைத்தார். ஓசை பெருகியது, ஆனால், அழுத்தத்துக்கு வலிமை வேண்டியிருந்தது.

மூன்றாம் கடமை இன்னும் நிறைவேறவில்லை. ஆங்கில முறையில் ஒருமுறை நழுவிய உந்துகோல் மீண்டும் சுத்தியலின் கீழ் வந்து நிற்க வேண்டுமானால், கட்டை முழுவதும் மேலெழ வேண்டும். ஒரே சுரத்தை விரைந்து பலமுறை வாசிக்கக் கலைஞர் முயலும்போது, விரல் முந்தும், பொறி பிந்தும். மனத்தில் எழுந்த இசையைக் கருவி தடுத்தது.

இத்தடையை உடைத்தவர் செபாஸ்டியன் எரார்டு. 1752-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்து, பாரிசில் தொழில் நடத்தியவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இலண்டனுக்குச் சென்று, அங்கும் தொழிற்சாலை நிறுவியவர். யாழ் போன்ற ஹார்ப் கருவிக்கும் 1810-இல் புதிய மிதிகட்டை அமைப்பைத் தந்தவர். பியானோவுக்கு அவர் வகுத்த ‘இரட்டை விடுவிப்பு’ முறைக்கு 1821-இல் இலண்டனில் காப்புரிமை கிடைத்தது. அது அவருடைய அண்ணன் மகன் பியர் எரார்டின் பெயரில் பதிவாயிற்று. அப்போது செபாஸ்டியனுக்கு வயது 69. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இச்செய்தி எனக்குத் தனியானதோர் ஊக்கத்தைத் தருகிறது.

அம்முறை என்ன? சுத்தியலின் கீழே வில் பூட்டிய துணை நெம்புகோல் ஒன்றை எரார்டு சேர்த்தார். தந்தியில் பட்டுத் திரும்பும் சுத்தியல் பாதி வழியிலேயே பிடிபடும். விரல் சற்றே தளர்ந்தால், வில் சுத்தியலைத் தாங்கி நிறுத்தும்; அந்நேரத்தில் உந்துகோல் வழுக்கித் தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். கட்டை முழுவதும் எழ வேண்டியதில்லை. சிறிது எழுந்தாலே மறுபடி தட்டலாம். மாடியேறுகிறவன் ஒவ்வொரு முறையும் தரைக்கு இறங்காமல், இடைப்படியில் நின்று மீண்டும் ஏறுவது போன்றது இது. 1824-இல் 12 வயதுச் சிறுவனாகப் பாரிசில் அரங்கேறிய லிஸ்ட் எரார்டின் கருவியை வாசித்தார். மின்னல் வேகத்தில் சுரங்களைப் பொழியும் அவருடைய பிற்கால இசைக்கு இவ்வமைப்பு இடம் தந்தது. 1840-ஐ ஒட்டி ஆன்ரி எர்ஸ் என்பார் இதனை எளிதாக்கினார். இன்றைய பெரும் பியானோக்களில் இருப்பது அவ்வாறு திருந்திய எரார்டு முறையே.

ஒரு சிக்கல் தீர்ந்தால் மற்றொன்று பிறக்கும். 1825-இல் பாஸ்டன் நகரின் பாப்காக் முழு இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பின் துணையால் தந்திகள் தடித்தன. அவற்றின் மொத்த இழுவிசை பின்னாளில் ஏறத்தாழ 20 டன் வரை உயர்ந்தது. தடித்த தந்திக்குக் கனத்த சுத்தியல் வேண்டுமன்றோ? தோலுக்குப் பதிலாக அழுத்திச் செறித்த கம்பளியைச் சுத்தியலின் தலைக்குப் பயன்படுத்தும் முறையை 1826-இல் பாரிசில் பாப் என்பவர் கொண்டுவந்தார். சுத்தியல் கனக்கவே கட்டையும் கனத்தது. அதைச் சமன்செய்யக் கட்டையினுள் ஈயத்துண்டுகளைப் பதித்தனர். சுவரோரம் நிற்கும் நேர்நிலைப் பியானோவிலோ சுத்தியல் பக்கவாட்டில் இயங்குவதால், தன் எடையால் தானே விழாது. அதனைப் பின்னிழுக்கும் நாடா அமைப்புக்கு 1842-இல் இலண்டனில் வோர்னம் காப்புரிமை பெற்றார்.

மரமும் துணியும் ஈரத்துக்கு அஞ்சுபவை. நான் பணியாற்றிய ஊரில் பழைய மண்டபம் ஒன்றிலிருந்த நேர்நிலைப் பியானோவை ஐப்பசி மழையில் கண்டிருக்கிறேன். அழுத்திய கட்டைகள் சில எழவே மாட்டா. பங்குனி வெயில் வந்தால் அவை தாமே எழும். இக்குறையைப் போக்க எண்ணி, 1962-இல் நியூயார்க்கின் ஸ்டைன்வே நிறுவனம் சுழல் அச்சுகளைச் சுற்றியிருந்த கம்பளித் துணியை நீக்கி, ஈரம் உறிஞ்சாத டெஃப்லானைப் பொருத்தியது. டெஃப்லான் மாறவில்லை, ஆனால், அதைச் சூழ்ந்த மரம் பருவந்தோறும் விரிந்தும் சுருங்கியும் வந்தது. பொருத்தம் தளர்ந்து ‘டக் டக்’ என்று ஓசை கேட்டது. 1982-இல் மீண்டும் துணிக்கே திரும்பினர். ஓர் உறுப்பு மட்டும் சிறந்தால் போதாது. பக்கத்து உறுப்போடு ஒத்துப்போகவும் வேண்டும் என்பதே இதன் பாடம். ஜப்பானின் கவாய் நிறுவனமோ பொறியுறுப்புகளையே பிளாஸ்டிக்கினாலும், பின்னர் கரியிழை கலந்தும் செய்து வேறு வழியில் சென்றது.

இன்று தந்தியே இல்லாத மின்னணுப் பியானோக்கள் வந்துவிட்டன. ஓசை ஒலிபெருக்கியிலிருந்து பிறக்கிறது. ஆயினும் அவற்றுள் தரமானவற்றைத் திறந்து பார்த்தால், கட்டைதோறும் ஒரு சிறு சுத்தியல் இருக்கும். அது எந்தத் தந்தியையும் தட்டுவதில்லை. விரலுக்குப் பழகிய எடையைத் தருவதற்காகவே அது ஆடுகிறது. சிலவற்றில், உந்துகோல் நழுவும் இடத்தில் விரல் உணரும் நுண்ணிய தடையைக்கூடச் செயற்கையாக அமைத்துள்ளனர். தந்தி போயிற்று, மரமும் பெரும்பாலும் போயிற்று, கிறிஸ்டோஃபோரி கண்ட அந்த நழுவல் மட்டும் விரலின் நினைவில் நிலைத்து நிற்கிறது.

கல்லூரி மண்டபத்திலோ தேவாலயத்திலோ பியானோ ஒன்றைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், உரியவரிடம் இசைவு பெற்று, ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓசையே எழாமல் கட்டை கீழே போய்விடும். கருவி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். தட்டுவதற்கு முன்பே உந்துகோல் விடுவித்துவிட்டது, தந்தியை எட்டும் வேகம் சுத்தியலுக்கு இல்லை, அவ்வளவே. அந்த அமைதியில் கிறிஸ்டோஃபோரியின் அறிவை உங்கள் விரலாலேயே தொட்டு அறியலாம்.