ஓட்டக் காலணியைச் சோதிக்கும் ரோபோக்கள்: இந்தியப் பாதத்துக்குப் பொருந்துமா?

விளையாட்டுக் காலணிகளின் தரத்தை இன்று ஆய்வகங்களில் ரோபோக்களும் சோதிக்கின்றன. ஆனால், அவற்றில் பொருத்தப்படும் செயற்கைப் பாதம் யாருடைய பாதத்தை ஒத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தச் சோதனையின் பயன் அமைகிறது. இதனால், இந்தியர்களின் பாத அளவு குறித்து சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

சோதனை எவ்வாறு நடக்கிறது?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின் மீது செயல்படுகிறது. 42.195 கி.மீ. தொலைவு கொண்ட மாரத்தானில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 20,000 முறை தரையில் பதிகிறது.

காலணியின் அதிர்வு தாங்கும் திறனை அறிய, 8.5 கிலோ எடையைச் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிகால் பகுதியில் விழச் செய்வது வழக்கமான முறை. ரோபோ சோதனை இதைவிட விரிவானது. முதலில் வீரர்களின் ஓட்டத்தைக் கேமராக்களும், தரையில் பதிக்கப்பட்ட விசைத் தட்டுகளும் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவின்படி ரோபோ, காலணி அணிந்த செயற்கைப் பாதத்தைத் தரையில் பதித்து எடுக்கிறது. மனிதர் களைப்படைவர், அவரது அடிகளும் மாறும். ரோபோ ஒரே அடியை ஆயிரக்கணக்கான முறை மாறாமல் வைக்கும். எனவே இரு காலணிகளுக்கு இடையிலான வேறுபாடும், தேய்மானமும் துல்லியமாகத் தெரியவருகின்றன.

மனிதரும் தேவை

அடிப்பாகம் மிருதுவாகும்போது, ஓடுபவரின் கால் தன் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்கிறது. இதை ரோபோ காட்டாது. கார்பன் தகடு பொருத்திய காலணி ஆற்றல் செலவைச் சராசரியாக 4 சதவீதம் குறைப்பதை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 வீரர்களை ஓடச் செய்தே கண்டறிந்தனர். இத்தகைய காலணிகள் பரவியதையடுத்து, சாலை ஓட்டக் காலணிகளின் அடிப்பாகத் தடிமன் 40 மி.மீ.க்கு மிகக்கூடாது என 2020-ல் உலக தடகள அமைப்பு வரம்பு விதித்தது.

இந்தியப் பாதம்

2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர்களைவிட இந்தியர்களின் பாதம் அகலமானது எனத் தெரியவந்தது. இதன் அடிப்படையில் 'பா' என்ற இந்திய அளவு முறை பரிந்துரைக்கப்பட்டது.

அகலம் போதாததால் பலர் தேவையைவிட நீளமான காலணியை வாங்கி, கயிற்றை இறுக்கிக் கட்டுகின்றனர். காலணியின் வளையும் இடம் விரல் மூட்டுக்கு நேராக அமையாதபோது, ஆய்வகத்தில் உறுதியான பலன் ஓடுபவருக்குக் கிடைப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க

சென்னையானாலும், கேரள எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளானாலும், கடையில் காணப்படும் அளவு எண் பெரும்பாலும் நீளத்தையே குறிக்கிறது. பாதம் சற்று விரிந்திருக்கும் மாலையில் அளவு பார்ப்பது நல்லது. வெள்ளைத் தாளில் நின்று இரு பாதங்களையும் வரைந்து, பெரிய பாதத்தின் நீளம், அகலம் இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடைவெளி இருக்க வேண்டும். வளரும் மாணவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளப்பது அவசியம்.