குருதியும் கழுநீரும்

கல்லூரித் தெருவுக்குப் புத்தகம் வாங்கச் செல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. பழைய நூல்களைப் புரட்டியவாறு விலை பேசி நிற்கையில், சற்றே தலை நிமிர்ந்தால் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வளாகம் கண்ணில் படும். 1835-ஆம் ஆண்டில் தோன்றிய கல்லூரி அது. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் பௌபஜார். அத்தெருவின் 210-ஆம் எண் இடத்தில்தான் 1928-ஆம் ஆண்டு சர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளி விளைவைக் கண்டறிந்தார். அவ்விடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமிதம் கொள்ள நாம் தவறுவதில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியின் வாயிலைக் கடக்கும்போது நாம் எவர் பெயரையும் சொல்வதில்லை. குருதியில் உள்ள நீர் எங்கே போகிறது, எவ்வாறு திரும்பி வருகிறது என்னும் எளிய வினாவுக்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு சென்றது. அவ்விடையின் பெரும்பகுதி இந்நகரிலேதான் எழுதப்பட்டது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாந்திபேதி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் முன்னோர் நடுங்கினர். காலையில் வயலுக்குச் சென்றவன் மாலையில் பிணமானான் என்ற கதை இல்லாத ஊர் தமிழகத்தில் அரிது. நாம் மாரியம்மனை வேண்டினோம். வங்காளத்து இந்துக்கள் ஓலா சண்டி என்றும் முகம்மதியர் ஓலா பீபி என்றும் ஒரே தெய்வத்தை இரு பெயரால் வேண்டினர். 1817-ஆம் ஆண்டில் இன்றைய வங்கதேசத்து ஜெசூரில் மூண்ட கொள்ளைநோய், படைகளோடும் வணிகரோடும் யாத்திரிகரோடும் நடந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளுள் சென்னை மாகாணத்தையும் இலங்கையையும் எட்டியது; பின்னர் பல நாடுகளைத் தொட்டது. கங்கையின் கழிமுகத்திலிருந்து உலகுக்குச் சென்றது என்பதால் அதற்கு 'ஆசியக் காலரா' என்றே மேனாட்டார் பெயரிட்டனர்.

நோயைப் புரிந்துகொள்ள உடலின் கணக்கைச் சிறிது அறிதல் வேண்டும். வளர்ந்த மனிதனின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு நீரே. நாளங்களில் ஓடும் குருதி சுமார் ஐந்து லிட்டர்; அதன் செவ்வணுக்களை நீக்கினால் எஞ்சும் தெளிநீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர், அதில் கரைந்த உப்புகள், சில புரதங்கள். நாம் உண்ணும்போதும் பருகும்போதும் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடற்சாறு என்று உடல் தன் நீரையே குடலினுள் பொழிகிறது. நாம் குடிக்கும் நீரையும் சேர்த்தால் நாள் ஒன்றுக்கு எட்டு ஒன்பது லிட்டர் குடலினுள் இறங்குகிறது. இவ்வளவும் வெளியேறினால் ஒரு நாள்கூட உயிர் தரிக்க முடியாது. ஆனால் குடலின் உட்சுவர் அதனை ஏறக்குறைய முழுவதும் திரும்ப உறிஞ்சிக் குருதியிடம் ஒப்படைத்துவிடுகிறது. மலத்தில் செல்வது ஒரு தம்ளர் அளவே. இத்துணைப் பெரிய கொடுக்கல் வாங்கல் நம் வயிற்றினுள் ஓசையின்றி நடப்பதை நாம் உணர்வதே இல்லை.

காலராவில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நோயாளியின் குடலிலிருந்து அரிசி களைந்த கழுநீரைப் போன்ற வெள்ளை நீர், கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறும். கண்கள் குழிகின்றன. விரல்நுனிகள் துவைத்த துணிபோல் சுருங்குகின்றன. குருதி தார்போல் குழம்பி, நாடி தளர்ந்து, குரல் அடங்கிவிடும். அறிவு மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பது இந்நோயின் கொடுமை.

1831-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் காலரா புகுந்தபோது, இருபத்திரண்டு வயது நிரம்பிய அயர்லாந்து இளைஞர் வில்லியம் புரூக் ஓ'ஷாநெசி நோயாளிகளின் குருதியை எடுத்துச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் வெகுவாகக் குறைந்துள்ளன, அவை கழிநீரில் உள்ளன என்று கண்டு, இழந்ததை நாளத்தின் வழியே திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்று எழுதினார். மறு ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் அவ்வாறே உப்புநீரைச் செலுத்தினார். இறந்துகொண்டிருந்த சிலர் எழுந்து உட்கார்ந்தனர். எனினும் பலர் மீண்டும் வீழ்ந்தனர். நீர் தூயதாக இல்லை; செலுத்திய அளவும் போதவில்லை. லாட்டா 1833-இல் மறைந்தார். முறையும் அவரோடு மறைந்தது. அதே 1833-இல் ஓ'ஷாநெசி கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்து, புதிய மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். காலராவின் தாயகத்துக்கே வந்தவர் குருதி ஆய்வைத் தொடர்ந்திருக்கலாகாதா என்று நம் மனம் ஏங்குகிறது. அவர் பெயர் நின்றது வேறு துறையில்: இந்நாட்டில் தந்திக் கம்பிகளை நட்டவர் அவரே.

அடுத்து வந்தவர் ஜெர்மானியரான ராபர்ட் கோக். 1883 டிசம்பரில் எகிப்திலிருந்து கல்கத்தாவை அடைந்தவர், மறு ஆண்டின் தொடக்கத்தில் அரைப்புள்ளி வடிவான கிருமியே நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். (இத்தாலியரான பாசினி 1854-இலேயே அதனை நுண்ணோக்கியில் கண்டிருந்தார், அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. இவ்வரலாற்றில் புறக்கணிக்கப்பட்டோர் வரிசை நீளமானது.) கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று கோக் சரியாகவே ஊகித்தார். ஆனால் அந்நஞ்சு உடல் முழுவதையும் தாக்குவதாக அறிஞர்கள் எண்ணினர். எனவே எலிக்கும் முயலுக்கும் கிருமியை ஊசிவழி செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் சில இறந்தன; மனிதருக்கு வரும் காலராவோ ஒன்றுக்கும் வரவில்லை. இந்தத் தவறான பாதையில் எழுபது ஆண்டுகள் கழிந்தன.

இடையே நோயாளிகளைக் காக்கும் பணி ஓரளவு முன்னேறியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியர் லியனார்டு ராஜர்ஸ், குருதித் துளியின் அடர்த்தியை அளந்து, எவ்வளவு நீர் இழக்கப்பட்டது என்று கணக்கிட்டு, 1908 முதல் செறிவு மிக்க உப்புநீரை நாளத்தில் ஏற்றினார். இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் நாடி திரும்பியவர்களிலும் சிலர் சிறுநீர் அற்றுப்போய், நெஞ்சு விம்ம ஆழ்ந்து மூச்சு வாங்கி மாண்டனர். மூச்சுக்கும் பேதிக்கும் என்ன தொடர்பு? கழுநீரோடு சமையல் உப்பு மட்டும் போவதில்லை. குருதியின் புளிப்பைத் தணிக்கும் கார உப்பும் போய்விடுகிறது. குருதி புளிக்கத் தொடங்கியதும், மூளை நுரையீரலுக்கு ஆணையிடுகிறது: கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்று, புளிப்பு குறையட்டும் என்று. அந்த ஆழ்ந்த மூச்சு, உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ள நிகழ்த்தும் இறுதிப் போராட்டம். குருதி குன்றியதால் சிறுநீரகமும் வாடிவிட்டபின், நுரையீரல் தனித்து என் செய்யும்? உப்புநீரோடு சோடா உப்பையும் சேர்த்த பின்னர் இறப்பு மேலும் குறைந்தது.

இப்போது நம் கதையின் நாயகரிடம் வருவோம். சம்புநாத் தே 1915-ஆம் ஆண்டு ஹூக்ளி மாவட்டத்தின் கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டனில் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். சியால்தாவை அடுத்த நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணி. அவர் கேட்ட கேள்வி, கேட்டபின் எளிதாகத் தோன்றும் கேள்வி: நீர் கசிவது குடலினுள். அங்ஙனமாயின் கிருமியைக் குருதியில் ஏன் தேடவேண்டும்? முயலின் சிறுகுடலில் சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அந்தக் கண்ணிக்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்க்கையில், அக்கண்ணி நீர் நிறைந்து ஊதிப்போயிருந்தது. உள்ளே இருந்தது கழுநீர். நூலும் முயலும் ஊசியுமே கருவிகள். அம்முடிவு 1953-இல் வெளிவந்தது.

தே அத்தோடு நிற்கவில்லை. 1955-இல் தாம் பயின்ற கல்லூரிக்கே நோய்க்குறியியல் துறைத் தலைவராகச் சென்றார். கிருமி வளர்ந்த குழம்பை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத வடிநீரை முயற்குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் ஊதியது! ஆகவே தீங்கு செய்வது கிருமியின் உடலன்று. அது வெளியே விடும் நஞ்சே. 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் இது சிறு கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் என். கே. தத்தா குழுவினரும் முயற்குட்டிகளைக் கொண்டு இதையொத்த முடிவை எய்தினர் என்பதையும் கூறுவதே நேர்மை. 1969-இல் அமெரிக்காவில் அந்நஞ்சு தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அது குடற்சுவரைக் கிழிப்பதில்லை, அரிப்பதில்லை. உயிரணுக்களில் உப்பை வெளிவிடும் வாயிலை மூடவொட்டாமல் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பு போகும் வழியே நீரும் போகிறது. குடற்சுவர் சிதைந்துவிட்டது என்று நூறாண்டுக் காலம் நம்பிய மருத்துவ உலகுக்கு, அது சிதையாமல் இருக்கிறது என்பதே பெரிய செய்தி. சிதையவில்லையெனின், உறிஞ்சும் ஆற்றல் எஞ்சியிருக்கும் அல்லவா?

தே பெற்ற பரிசு என்ன? நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவர் வாழ்ந்த காலத்தில் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரை அப்பரிசுக்கே முன்மொழிந்தார். தே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் நிறுவனம் நடத்திய காலராக் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். 1985 ஏப்ரல் 15 அன்று இந்நகரிலேயே மறைந்தார். பெங்களூரின் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-இல். இராமனைக் கொண்டாடும் நாம், அடுத்த தெருவில் இருந்த இவரை அறியாதது நம் குறை மட்டுமன்று; வங்காள அன்பர்கள் பலரிடம் கேட்டாலும் விழிக்கின்றனர்.

எஞ்சிய உறிஞ்சும் ஆற்றலை எவ்வாறு பயன்படுத்துவது? இதற்கும் விடை கல்கத்தாவில் முன்பே தோன்றியிருந்தது. 1953-இல் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர், மிகக் கடுமையல்லாத காலரா நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துத் தேற்றியதாக 'லான்செட்' இதழில் எழுதினார். பேதியைத் தணிக்க அவர் பயன்படுத்திய பச்சிலை, நம் வீட்டு முற்றத்துத் தொட்டிகளில் வளரும் கற்பூரவள்ளி! ஒப்பீட்டுக் குழு இல்லை, காரணம் விளக்கப்படவில்லை என்று உலகம் அதனை ஒதுக்கியது. காரணத்தை 1960-இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர் விளக்கினார். குடற்சுவரில் உப்பும் குளுக்கோசும் ஒன்றாகவே நுழையும் தனிவாயில் ஒன்று உண்டு. ஒன்று இல்லாமல் மற்றொன்று அவ்வழியே செல்லாது. காலரா நஞ்சு இவ்வாயிலைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர் குடித்தால் அப்படியே கழிந்துவிடும். வெறும் உப்புநீரும் அவ்வாறே. சர்க்கரையும் உப்பும் கைகோத்துச் சென்றால் நீர் பின்தொடர்ந்து குருதியை அடைகிறது. நம் பாட்டிமார் உப்பிட்டுக் கொடுத்த அரிசிக் கஞ்சியிலும் இதுவே நிகழ்கிறது. மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாக மாறுகிறது. எனினும் பழமையைப் புகழ்வதில் நிதானம் வேண்டும். பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரே கொடாதே என்று தடுத்தவர்களும் அதே வீடுகளில் இருந்தனர். அதனால் இறந்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை.

டாக்காவில் 1968-இல் நடந்த ஆய்வுகள் வாய்வழி நீரின் பயனை மருத்துவமனைக்குள் மெய்ப்பித்தன. மருத்துவமனைக்கு வெளியே, சேற்றிலும் மழையிலும் அது பயன்படுமா? 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக் கணக்கில் எல்லை கடந்தபோது அவ்வினா தானே வந்து நின்றது. பன்காவ் முகாம்களில் காலரா பரவியது. அங்கு அனுப்பப்பட்டவர் திலீப் மகலனாபிஸ். மருத்துவமனையின் இரு அறைகளிலும் தரையெங்கும் நோயாளிகள். நாளத்தில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இவை கல்கத்தாவில் ஆய்வு நிலையத்தின் நூலக அறையிலேயே நிறுக்கப்பட்டு, பிளாஸ்டிக் பைகளில் அடைக்கப்பட்டு, பன்காவுக்குச் சென்றன. பெரிய பீப்பாய்களில் கரைத்து, தாயும் தமையனும் தங்கள் நோயாளிக்குத் தாமே குவளையில் மொண்டு ஊட்டினர். எட்டு வாரங்களில் சுமார் 3,700 நோயாளிகள். முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. படிக்காத தாயிடம் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்று ஐயுற்ற அறிஞர்கள் இருந்தனர். அவர் கட்டுரை அச்சேற 1973 வரை காத்திருக்க நேர்ந்தது. 1978-இல் 'லான்செட்' இதழின் தலையங்கம், இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று கருதியது.

டம்டம் விமான நிலையத்துக்குப் போகும்போது நாம் செல்லும் சாலையின் பெயர் ஜெசூர் சாலை. முதுமரங்கள் நிழல் பரப்ப, அது பன்காவைக் கடந்து எல்லையைத் தாண்டி, 1817-இல் கொள்ளைநோய் மூண்ட அதே ஜெசூருக்குச் செல்கிறது. அவ்வழியே நோய் புறப்பட்டது. அவ்வழியே பைகளும் சென்றன. மகலனாபிஸ் 2022 அக்டோபர் 16 அன்று இந்நகரில் காலமானார். பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஜனவரியில்.