ஆடு தொடாத இலை, பூனை வணங்கும் வேர்

வீட்டுக்குள்ள தொட்டிச்செடி வச்சிருக்கீங்களா? கூடவே பூனையோ நாயோ வளர்க்கிறீங்களா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். வரலாறும் வரும், பொறுமையா படிங்க.

எந்த விலங்கு எந்தச் செடியைத் தின்னும், எதைத் தின்னாதுன்னு நம்ம முன்னோர் செடியோட பேர்லயே எழுதி வச்சிட்டாங்க.

முதல்ல ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதுதான் பேருக்குப் பொதுவா சொல்ற விளக்கம். அவ்வளவு கசப்பு. நாத்தை ஆடு மேயக்கூடாதா? ஆடு தொடாத செடியையே சுத்தி வேலியா நட்டுடு. செலவில்லாத ஏற்பாடு! 1753-ல் லின்னேயஸ் செடிகளுக்கு லத்தீனில் பேர் வச்சப்போ இதுக்கு ஜஸ்டிசியா அதடோடா என்று வைத்தார். நம்ம ஊர் ஆட்டோட வெறுப்பு உலக அறிவியல் பேர்ல உட்கார்ந்திருக்கு. அந்த இலையிலுள்ள வாசிசினை அடிப்படையா வச்சு வந்ததுதான் புரோம்ஹெக்சின். வீட்ல இருக்கிற சளி சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, அந்தப் பேர் இருக்கலாம்.

அடுத்தது ஆடுதீண்டாப்பாளை. இதுல அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கு. இதே குடும்பத்துச் சீனச் செடி ஒன்று 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியத் தந்த மாத்திரைகளில் கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. ஆடு சரியாத்தான் சொல்லியிருக்கு. பாம்பு கடிச்சா இதை அரைச்சுக் குடுத்து நேரத்தைக் கடத்தாம நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க. விஷமுறிவு ஊசி அங்கதான் இருக்கு.

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. குப்பைமேனிக்கு இன்னொரு பேர் பூனைவணங்கி. வேரைப் பிடுங்கிப் போட்டா பூனை மோப்பம் பிடிச்சு வந்து, கடிச்சு, அதுமேலயே புரளும். 1741-ல் நம்ம குளச்சலில் மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்த டச்சுக் கம்பெனி தெரியும்தானே? அதே கம்பெனியின் மலபார் தளபதியா அதுக்கு முந்தின நூற்றாண்டில் கொச்சியில் இருந்தவர் வான் ரீட். இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களிடம் கேட்டு அவர் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளா ஆம்ஸ்டர்டாமில் அச்சாச்சு. அதுல குப்பைமேனி அதே பேர்ல இருக்கு.

ஆனா பூனை வணங்குவதெல்லாம் மனுஷனுக்கு நல்லதுன்னு எடுத்துக்காதீங்க. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவங்க குப்பைமேனிச் சாறு குடிச்சு ரத்தச் சிவப்பணுக்கள் உடைஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் இலங்கையிலிருந்து 1996-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு. குழந்தைக்குச் சளின்னு சாறு பிழியறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

சரி, இப்ப வீட்டுக்குள்ள வருவோம். நாம வரவேற்பறையில் வைக்கிற செடிகள் பலதும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பேர்ல எச்சரிக்கை இல்லை. மணி பிளாண்ட் பணம் வரும்னு சொல்லுது, வாய் வீங்கும்னு சொல்லல. டிஃபன்பேக்கியா வியன்னா அரண்மனைத் தோட்டக்காரர் ஒருத்தரோட பேர். அது வளர்ந்த கரீபியனில் வச்ச பேரோட அர்த்தம் மட்டும் 'ஊமைப் பிரம்பு'. கடிச்சா நாக்கு வீங்கிப் பேச்சு வராது. அடிமைகளுக்குத் தண்டனையா இதைக் கடிக்க வச்ச கொடுமையும் பதிவாகியிருக்கு. இந்த ரெண்டு செடியிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கு. தவழ்ற குழந்தைக்கும் இதே கதைதான்.

இதைவிட மோசம் லில்லி. கொஞ்சம் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போயிடும். பூனை இருக்கிற வீட்ல லில்லி பொக்கே கூட வேண்டாம். அடீனியமும் அரளியும் இதயத்தைத் தாக்கும். ரெண்டும் மாடியிலேயே இருக்கட்டும், அதுவும் நாய் போகாத மாடியில்.

நாத்துத் தட்டுக்குப் பழைய கொசுவலை போதும், ஓரத்தைக் கல் வச்சு அமுக்கிடுங்க. பூனைக்குத் தனியா ஒரு தொட்டியில் அருகம்புல்லோ கோதுமைப்புல்லோ வளர்த்துக் குடுங்க. தொட்டியில் தானா முளைச்ச குப்பைமேனியைப் பிடுங்கினா வேரை அங்கேயே போடாதீங்க, பூனை தேடி வரும்.

கடிச்சிட்டா? வாயைத் துடைச்சுத் தண்ணீர் விட்டுக் கழுவுங்க. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. பிராணின்னா கால்நடை மருத்துவமனை, குழந்தைன்னா எங்ககிட்ட. வரும்போது அந்தச் செடியில ஒரு கிளையை ஒடிச்சுப் பையில் போட்டுக் கொண்டு வாங்க.